திரும்பி வாற பயணம்

மட்டக்களப்பில், கல்லடிப் பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் எங்கள் கடை. போட்டோக்கொப்பி எடுப்போம், தட்டச்சு செய்வோம், பாஸ்போட்டுக்கும் விசாவுக்கும் ஒன்லைனில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்போம். போன மாதம் ஒரு தங்கச்சி, புருசன், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று முழுக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்தா. கடையில் நின்ற இன்னொரு அம்மா விடவில்லை. “என்னகா, குடும்பத்தோடயா? எந்த நாடு? ஏஜென்சிக்கு எவ்வளவு கட்டின?”

“இல்ல மாமி, இது திரும்பி வாற பயணம். லீவுக்கு.”

‘லீவுக்கு’ என்பதை அவ மெதுவாகத்தான் சொன்னா. மட்டக்களப்பில் ‘வெளிநாடு போறது’ என்றால் அதற்கு வேறு அர்த்தம். சவூதிக்கோ குவைத்துக்கோ வீட்டு வேலைக்குப் போவது, அல்லது சுவிஸ், லண்டன், கனடா என்று போய் அங்கேயே நின்றுவிடுவது. போனவர் எப்போது வருவார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சுற்றுலா என்பதோ பள்ளிக்கூடத்துச் சொல்: நுவரெலியா, கண்டி, பஸ்ஸில் பாட்டு, இரவு திரும்பல். குடும்பத்தோடு விமானம் ஏறிப் பத்து நாள் இருந்துவிட்டு வருவதற்கு எங்களிடம் இன்னும் நல்ல பெயர் இல்லை. ‘திரும்பி வாற பயணம்’ என்று அந்தப் பிள்ளை வைத்த பெயர்தான் நான் கேட்டதில் பொருத்தமானது.

எங்கள் ஊர்க் குடும்பங்கள் ஊர் பார்க்கவென்று வெளிநாடு போவது குறைவு. ஆளைப் பார்க்கத்தான் போகிறார்கள். அந்தப் பயணத்தில் இருக்கிற சந்தோசமும் சண்டையும் களைப்பும் கடனும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகின்றன. பதினாறு வருடமாகக் காணாத ஒருவரைப் பார்க்கப் பதினாலு நாள் கிடைத்தால், அந்தப் பதினாலு நாளின் தலையில் எவ்வளவு பாரத்தை ஏற்றுவோம் என்று யோசித்துப் பாருங்கள்.

முன்பு இப்படி இல்லை. தாத்தா காலத்து வெளிநாடு என்றால் இந்தியா, அதுவும் நேர்த்திக்காகத்தான். மட்டக்களப்பில் கோச்சி (ரயில்) ஏறினால் மாகோவில் மாறி, தலைமன்னாருக்குப் போய், கப்பலில் தனுஷ்கோடி இறங்கி, அங்கிருந்து மறுபடியும் கோச்சியில் மதராஸ் வரை போகலாம். 1914இல் தொடங்கிய கப்பல் அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடியது. எண்பதுகளின் நடுவில் போரோடு அதுவும் நின்றது. சிதம்பரம், மதுரை, பழனி, திருச்செந்தூர் என்று ஒரு மாதம் சுற்றிவிட்டு வந்தவர்கள் ஊருக்குத் தீர்த்தமும் திருநீறும் கொண்டுவந்தார்கள். அந்தப் பயணத்துக்கு ஒரு கணக்கு இருந்தது: நேர்த்தி வைத்தோம், கட்டினோம், முடிந்தது. களைத்தாலும் சாமிக்காகக் களைத்தோம் என்று மனம் ஆறிவிடும். அம்பாறைப் பக்கம் கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று முஸ்லிம் குடும்பங்கள் மக்காவுக்கு உம்றா யாத்திரை போய்வரும்போது இன்றும் அந்த ஆறுதலைப் பார்க்கிறேன். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் மிகக் குறைவாக முறைப்பாடு சொல்கிறவர்கள் அவர்கள்தான்.

போர் இந்தக் கணக்கை மாற்றியது. பிள்ளைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். அகதியாக ஏற்கப்பட்டவருக்கு, 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, அவர் இருக்கும் நாடு ஒரு பயணப் பத்திரம் கொடுக்கும். பார்க்கப் பாஸ்போட் மாதிரியே இருக்கும். அதைக் கொண்டு பல நாடுகளுக்குப் போகலாம், ஓடிவந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. மீறிப் போனால், “அங்கே போய்வர முடிகிறதே, பிறகு உனக்கு என்ன பயம்?” என்று அகதி நிலையையே எடுத்துவிடக்கூடும். சுவிசில் ‘எஃப்’ அனுமதியில் இருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். தற்காலிகமாக இருக்க விடப்பட்டவர்கள் அவர்கள். நாட்டை விட்டு வெளியே போவதற்கே தனி அனுமதி கேட்க வேண்டும்.

ஆக, மகன் வீட்டுக்கு வர முடியாது. சுவிஸ் விசா எடுத்துத் தாய் அங்கே போவதும் சுலபமில்லை. மிச்சம் இருந்தது மூன்றாவது ஒரு நாடு. திருச்சியும் சென்னையும் எங்கள் குடும்பங்கள் சந்திக்கிற முற்றமாக மாறியது இப்படித்தான். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போகத்தான் ஒரு முழு இரவு பஸ்ஸில் இருக்க வேண்டும்.

நாங்கள் 2011 ஓகஸ்டில் போனோம். அண்ணன் 1995இல் போனவர். அம்மா, நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள், தங்கச்சி. அங்கிருந்து அண்ணன், மச்சாள், அவர்களின் இரண்டு பிள்ளைகள். தில்லைநகரில் ஒரு வீட்டின் மேல்மாடியைப் பதினாலு நாளுக்கு வாடகைக்கு எடுத்தோம். அண்ணன் வாசலில் வந்து நின்றபோது அம்மா கட்டிப்பிடிப்பா, அழுவா என்று நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா, “சாப்பிட்டயா மனே?” என்று கேட்டா, திரும்பிக் குசினிக்குள் போயிட்டா. அதற்குப் பிறகு அந்தப் பதினாலு நாளில் பெரும்பகுதியை அவ குசினியிலேயே கழித்தா. அப்போது எனக்குக் கோபமாக இருந்தது. இப்போது விளங்குகிறது. பதினாறு வருடத்தை முகத்துக்கு முகம் பார்ப்பதைவிட அரிசி மாவை அவிப்பது லேசு.

அம்மா ஊரிலிருந்து ஓட்டிக் கருவாடு கொண்டுவந்திருந்தா. ஏழெட்டுப் பத்திரிகைத் தாளில் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் கட்டி, அதற்கு மேல் அண்ணனுக்கு வாங்கிய மருதமுனைச் சாறனால் ஒரு சுற்று. இரண்டாம் நாள் மத்தியானம் அதைப் பொரித்தா. கீழ்வீட்டு அம்மா ஏறி வந்தா. சைவக் குடும்பம். “இந்த வாடை எங்களுக்கு ஆகாதும்மா, வீடு கொடுக்கறப்பவே சொன்னமே” என்று தன்மையாகத்தான் சொன்னா. யார் மீதும் பிழை இல்லை; எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள், அம்மாவுக்கு நாங்கள் சொல்ல மறந்துவிட்டோம். அம்மா அடுப்பை நூர்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தா. அவ அந்தக் கருவாட்டுக்காக எவ்வளவு காலம் காத்திருந்தா என்று அந்த வீட்டில் எங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?

ஐந்தாம் நாள் திருச்சியில் இருக்கிற கொட்டப்பட்டு இலங்கை அகதி முகாமுக்குப் போனோம். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருவ மூதூரில் கலியாணம் முடித்தவ, 1990இல் படகேறி வந்து இன்னும் அந்த முகாமிலேயே இருக்கிறா. அந்தச் சின்ன வீட்டுக்கு முன்னால், விறகு அடுப்பில், அம்மா மிச்சக் கருவாட்டை வைத்துக் குழம்பு காய்ச்சினா. அண்ணன் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். சின்னம்மா முகாமிலிருந்து வெளியூர் போவதென்றால் அனுமதி கேட்க வேண்டும், அண்ணன் ஊருக்கே வர முடியாது, எங்களுக்கோ முப்பது நாள் விசா. ஒரே குழம்பை மூன்று விதமான கடதாசியோடு இருந்து சாப்பிட்டோம். எங்கள் பயணத்தின் உச்சம் எது என்று என் பிள்ளைகளைக் கேட்டால் இன்றும் அந்த மத்தியானத்தைத்தான் சொல்வார்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் அவர்களுக்கு நினைவில்லை.

பிள்ளைகள் விசயம் தனி. அண்ணனின் பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்கிற தமிழ் விளங்கும், பேச்சு ஜேர்மன்தான். என் பிள்ளைகளுக்கு ஜேர்மனில் ஒரு சொல்லும் தெரியாது. முதல் நாள் நாலு பேரும் நாலு மூலையில். மூன்றாம் நாள் மொட்டை மாடியில் கிரிக்கெட். வளர்ந்தவர்கள் ஒரே மொழியில் பேசி ஒருவரையொருவர் நோகடித்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் மொழியே இல்லாமல் ஒட்டிக்கொண்டார்கள்.

நாங்கள் நோகடித்துக்கொண்டது ஒன்பதாம் நாள், வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் வேனில். அதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊர் வழமை தெரிய வேண்டும். மட்டக்களப்பில் தாய்வழிக் குடிமுறை. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடும் வளவும் பெண் பிள்ளையின் பெயரில் சீதனமாகப் போகும். அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பது தகப்பனின் கடமை, தகப்பன் இல்லாத வீட்டில் அண்ணன்மாரின் கடமை. எங்கள் வீடு சுனாமியில் போனது. தங்கச்சிக்கு அண்ணன் சுவிசில் உணவகமொன்றில் பாத்திரம் கழுவி அனுப்பிய காசில் கல்லடியில் வீடு கட்டினோம். தங்கச்சியின் மாப்பிள்ளைக்குக் கல்முனையில் வேலை கிடைத்தது, அவர்கள் அங்கே வாடகைக்குப் போனார்கள், இந்த வீட்டை வாடகைக்கு விட்டார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை.

வேனில் பேச்சுவாக்கில் அது வெளியே வந்தது. “நான் ஒவ்வொரு நாளும் படுக்கக்குள்ள அந்த வீட்டுக்குள்ள நீங்க எல்லாரும் இருக்கிற மாதிரித்தான் நினைச்சிட்டுப் படுக்கிறன்” என்றார் அண்ணன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சி அழுதா. “வாடகைக் காசுலதானே அம்மாட மருந்து” என்று நான் கத்தினேன். முன் இருக்கையில் இருந்த அம்மா திரும்பியே பார்க்கவில்லை.

தொலைபேசியில் இந்தச் சண்டை வந்தே இருக்காது. கிழமைக்கு ஒருதரம், கார்டு முடிவதற்குள், நல்லதை மட்டும் சொல்லி வைத்துவிடுவோம். வீட்டுச் செலவு, வருத்தம், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் மறைந்துவிடும். தூரத்தில் இருப்பவர் மனதில் ஒரு வீடு கட்டி வைத்திருப்பார், கிட்ட இருப்பவர் வேறொரு வீட்டில் வாழ்ந்துகொண்டிருப்பார். ஒரே கூரையின் கீழ் பதினாலு நாள் இருந்தால் இரண்டு வீடும் முட்டிக்கொள்ளும். கடையில் எனக்கு முன்னால் இருந்து பயணக் கதை சொல்கிற குடும்பங்களில் பாதிப் பேருக்காவது இப்படி ஒரு வேன் இருக்கிறது: சிலருக்குக் காணி, சிலருக்குத் தாயை யார் பார்ப்பது, சிலருக்குச் சாதகப் பொருத்தம். வீட்டுக் கணக்கைப் பயணத்துக்கு முதலே பேசிவிட வேண்டும் என்று நான் எல்லோருக்கும் சொல்கிறேன். வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச முடிகிற இந்தக் காலத்தில் அதற்குத் தடையும் இல்லை.

நாங்கள் செய்த மற்றப் பெரிய பிழை, பதினாலு நாளில் பதினொரு கோயில். ஸ்ரீரங்கம், சமயபுரம், தஞ்சாவூர், கும்பகோணம், வேளாங்கண்ணி என்று ஒரு பட்டியலை அண்ணன் போட்டார். தாய்க்குப் புண்ணியம் சேர்க்கிறோம் என்றுதான் நினைத்தார். அம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது, முழங்கால் வருத்தம். அவவைக் கேட்டிருந்தால் மகனுக்குப் பக்கத்தில் சும்மா இருக்க விட்டாலே போதும் என்று சொல்லியிருப்பா. யாரும் கேட்கவில்லை.

சாமான் வாங்குவதில் போன நேரத்தைச் சொல்லவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர், பள்ளிக்கூட ரீச்சர், கடன் தந்தவர், எல்லோரும் பட்டியல் தந்திருந்தார்கள். என்.எஸ்.பி. ரோட்டில் இரண்டு முழு நாள் சாறிக்கடையில் நின்றோம். பயணத்துக்காகச் சீட்டு எடுத்த காசில் நல்ல பங்கு மற்றவர்களின் சாறிகளாக ஊருக்கு வந்தது.

காசு விசயத்தில் இப்போது போகிறவர்கள் நாங்கள் போன காலத்தைவிடக் கவனமாக இருக்க வேண்டும். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். அந்த வருடம் மே மாதம் 360ஐத் தொட்டது. பிறகு 300க்குக் கிட்ட இறங்கியது. இந்திய ரூபாய்க்கும் அப்படித்தான்: பொருளாதார நெருக்கடிக்கு முன் இரண்டே முக்காலுக்குக் குறைவாக இருந்தது மூன்றரைக்கு வந்தது. சம்பளம் அந்த அளவுக்கு ஏறவில்லை. அதனால்தான் தன் காசில் முழுக் குடும்பமாகப் போகிற ஆசிரியர் குடும்பங்கள் குறைந்து, வெளிநாட்டில் இருப்பவர் ரிக்கற் போட்டுத் தரும் பயணங்கள் கூடின. பாஸ்போட்டே ஒரு செலவு. வளர்ந்தவர் ஒருவருக்குச் சாதாரண சேவையில் 10,000 ரூபாய், ஒருநாள் சேவையில் 20,000. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் பாஸ்போட் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும்; அடுத்த பயணத்துக்கு மறுபடியும் எடுக்க வேண்டும். 2022இல் ஒன்பது லட்சத்துக்கும் மேல் பாஸ்போட் கொடுத்த நாடு இது. 2024இல் வெற்றுப் புத்தகத்துக்கே தட்டுப்பாடு வந்து, பத்தரமுல்லைப் பாஸ்போட் கந்தோர் முன்னால் இரவிரவாக வரிசை நின்றது. ரிக்கற்றை முதலில் வாங்கிவிட்டுப் பாஸ்போட்டுக்கு ஓடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

எங்கள் ஊருக்கே உரிய சிக்கல்கள் வேறு. கடைக்கு வந்த அந்தத் தங்கச்சியின் மாமியாருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். இடப்பெயர்வில் ஒருமுறை, சுனாமியில் ஒருமுறை ஆவணம் தொலைத்தவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர். புதிதாக எடுக்கும்போது எழுதியவர் தன் இஷ்டத்துக்குப் பெயரை எழுதிவிடுவார். அதைத் திருத்தவே மாதக் கணக்காகும். பிள்ளைகளுக்குப் பாஸ்போட் எடுக்கத் தாய் தகப்பன் இரண்டு பேரின் சம்மதமும் வேண்டும். தாய் குவைத்தில் என்றால் அங்குள்ள தூதரகம் வழியாகக் கடிதம் வர வேண்டும். இவற்றைத் தாண்டி விமான நிலையத்துக்குப் போனால், விலாசம் மட்டக்களப்பு என்றதும் லீவுக்குப் போகிறோம் என்பதை நம்ப ஒரு முகம் யோசிக்கும். திரும்பும் ரிக்கற், தங்கும் இடம், அழைக்கிறவரின் விபரம் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கையில் வைத்திருக்கச் சொல்வேன். போனுக்குள் இருந்தால் போதாது, அந்த நேரம் பார்த்துச் சார்ஜ் இறங்கும்.

இப்போது திருச்சியின் இடத்தைக் கோலாலம்பூரும் சிங்கப்பூரும் பாங்கொக்கும் எடுத்து வருகின்றன. போனவர்களில் பலருக்கு அந்தந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அவர்கள் ஊருக்கே வரலாம், வருகிறார்கள். ஆடி அமாவாசைக்கு எங்கள் ஊர் மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தில் பார்த்தால் தெரியும். ஆனாலும் அவர்களின் பிள்ளைகளுக்கு ஊர் வெயிலும் நுளம்பும் ஒத்துவருவதில்லை, நடுவில் ஓரிடத்தில் சந்திப்போம் என்கிறார்கள். சிங்கப்பூருக்கு எங்கள் பாஸ்போட்டில் விசா வேண்டியதில்லை. தாய்லாந்து 2024 ஜூலையில் அப்படித் திறந்துவிட்டது. மலேசியாவுக்கு முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

இந்தப் புதுப் பயணத்தில் ஒரு புது நோவு இருக்கிறது. செலவழிக்கிறவர் ஒருவர், போகிறவர் எல்லோரும். ஹோட்டல் மெனுவில் விலையைப் பார்த்துவிட்டுப் பசி இல்லை என்று சொல்கிற மாமியார்மாரைப் பற்றி எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். தாங்கள் கேட்டால் பேராசை, கேட்காவிட்டால் திருப்தியில்லாத முகம் என்று இரண்டு பக்கமும் நோவு. ஒரு குடும்பம் செய்த வேலை எனக்குப் பிடித்தது: கனடாவில் இருந்து வந்த தம்பி முதல் நாளே ஒரு தொகையை மூத்த அக்காவின் கையில் கொடுத்து, “இனி நீங்கதான் எங்களுக்குச் செலவழிக்கிற ஆள்” என்று சொல்லிவிட்டார். அவரே கோப்பிக்குக் காசு அக்காவிடம் கேட்டு வாங்கினாராம்.

ஹோட்டல் நல்லதா, வாடகை வீடு நல்லதா என்று என்னைக் கேட்பார்கள். வாடகை வீடு மலிவு, ஒன்றாக இருக்கலாம். ஆனால் வாடகை வீட்டில் குசினி இருக்கும், குசினி இருந்தால் எங்கள் பெண்கள் அதற்குள் போய்விடுவார்கள். பதினாலு நாளில் மூன்று நாளாவது அடுப்பில்லாத இடத்தில் இருக்கச் சொல்கிறேன். அம்மாவை நினைத்துத்தான் சொல்கிறேன்.

திருச்சியில் கடைசி நாள் எந்தக் கோயிலும் மிச்சமில்லை, கையில் காசும் இல்லை. மத்தியானம் மொட்டை மாடிப் படியில் அம்மா இருந்தா, அண்ணன் இரண்டு படி கீழே இருந்தார். அம்மா அவரின் தலைக்கு எண்ணெய் வைத்தா. பாதி மயிர் கொட்டிப்போன தலை. கல்லடி வீட்டு வாடகை எவ்வளவு, யார் இருக்கிறார்கள், கிணற்றில் தண்ணி எப்படி என்று அண்ணன் ஒவ்வொன்றாகக் கேட்டார். தங்கச்சி அருகில் போய் இருந்து பதில் சொன்னா. ஒரு மணித்தியாலம் அப்படியே போனது. அடுத்த நாள் காலையில் விமானம்.

அண்ணன் குடியுரிமை எடுத்து 2018இல் மாமாங்கத் திருவிழாவுக்கு வந்தார். கல்லடி வீட்டில்தான் தங்கினார். அம்மா அடுத்த வருடம் போயிட்டா. அவவின் பாஸ்போட் கடை மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் நாலே நாலு முத்திரை: கட்டுநாயக்க, திருச்சி, திருச்சி, கட்டுநாயக்க.